கார் கடையில் நீட்டும் தாள்: டாகுமெண்ட் ஃபீயில் எதைக் கட்டுவது, எதை அடித்துவிடச் சொல்வது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கார் வாங்கக் கிளம்புகிறவர்கள் விலை பேசத் தயங்குவதில்லை. "அண்ணே, ஒரு ஐந்நூறு வெள்ளி கொறைச்சுக்கங்க" என்று வெயிலில் நின்றே அரை மணி நேரம் பேசுவார்கள். ஐந்நூறு குறையும். பிறகு ஏர்கான் அறைக்குள் உட்கார வைத்து, மைலோ கொடுத்து, ஒரு தாளை நீட்டுவார் சேல்ஸ்மேன். அதில் புராசசிங் ஃபீ 1,200 வெள்ளி (ரிங்கிட்) என்று இருக்கும். ஐந்நூறுக்கு அவ்வளவு நேரம் வாதாடியவர் இதற்கு வாயே திறக்க மாட்டார். அரசாங்கத்துக்குக் கட்டுவதாக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

இந்த வழிகாட்டி அந்தத் தாளைப் பற்றியது, அதில் டாகுமெண்ட் ஃபீ என்று பொதுவாகச் சொல்லப்படும் கட்டணங்களைப் பற்றியது. பெரும்பாலும் பழைய கார் வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். தோட்டத்துப் பக்கம் முதல் கார் அநேகமாகப் பழைய மைவியாகவோ சாகாவாகவோதான் இருக்கிறது. புதுக்காருக்கும் ஒரு சிறு பகுதி உண்டு.

தாளில் எந்த வரியைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பணத்துக்கு யாருடைய ரசீது என் கைக்கு வரும்? ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா), புஸ்பாகோம் (வாகனச் சோதனை நிலையம்), வங்கி, இன்சூரன்ஸ் கம்பெனி ஆகிய நான்கில் ஒன்றின் ரசீது வருமானால் அது கட்டணம். கடையின் சொந்த ரசீது மட்டும்தான் என்றால் அது காரின் விலையில் ஒரு பகுதி, அவ்வளவுதான். காரின் விலையைப் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றால் அதையும் பேச உரிமை இருக்கிறது.

படி 1: அசல் கட்டணங்களை எழுதிக்கொண்டு போங்கள்

கடைக்குப் போகும் முன்னரே கைப்பேசியில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியார் காருக்கான கணக்கு இது.

பெயர் மாற்ற, அதாவது துக்கார் நாமா செய்ய, ஜேபிஜே வாங்குவது 100 வெள்ளி. பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் சோதனை, பி5 என்பார்கள், 30 வெள்ளி. லோன் போட்டு வாங்கினால் கூடவே பி7 சோதனை வேண்டும், அது 60 வெள்ளி. இரண்டுக்கும் சேவை வரி தனி. வங்கி தன் பெயரைக் கெரானில், அதாவது காரின் பதிவுச் சான்றில், பதிந்துகொள்ளும் உரிமைக் கோரிக்கைக்கு ஜேபிஜேயில் 50 வெள்ளி. லோன் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி 10 வெள்ளி.

கூட்டிப் பாருங்கள். லோனோடு வாங்கினாலும் 250 வெள்ளி, அதற்கு மேல் கொஞ்சம் வரி. ரொக்கமாக வாங்கினால் 130 வெள்ளி சுற்றி. ஒரு பழைய காரின் பெயரை மாற்ற அரசாங்கமும் சோதனை நிலையமும் கேட்பது இவ்வளவுதான்.

ரோட் டேக்ஸ் எஞ்சின் அளவைப் பொறுத்தது. தீபகற்பத்தில் சாதாரண சலூன் காருக்கு 1,000 சிசி வரை 20 வெள்ளி, 1,200 வரை 55, 1,400 வரை 70, 1,600 வரை 90. ஆக்சியா என்றால் 20, சாகா 1.3 என்றால் 70, மைவி 1.5 என்றால் 90. அதற்கு மேல் சிசி கணக்கில் ஏறும். இந்த எண்களில் ஒரு காசு கூடுதலாக எழுதியிருந்தாலும் அது கடையின் எண்.

படி 2: மொத்த விலையை வாட்ஸ்அப்பில் கேளுங்கள்

நேரில் போவதற்கு முன்னால் இதைச் செய்வது முக்கியம். கார் பிடித்துவிட்டால், பிள்ளைகள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால், பேரம் பேசும் தெம்பு பாதி போய்விடும். வீட்டில் இருக்கும்போது அந்தத் தொந்தரவு இல்லை.

இப்படி அனுப்பலாம்: "இந்தக் காருக்கு எல்லாம் சேர்த்து, பெயர் மாற்றி, இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ் போட்டு, சாவி வாங்க மொத்தம் எவ்வளவு? ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். வேறு ஃபீ இருந்தால் இப்போதே சொல்லுங்கள்." மலாயில் எழுத வேண்டுமானால் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பதில் மூன்று விதமாக வரும். சிலர் உடனே பட்டியலை அனுப்புவார்கள், அவர்களிடம் போங்கள். சிலர் காரின் விலையை மட்டும் மறுபடி சொல்வார்கள். இன்னொரு முறை கேளுங்கள். "மொதல்ல வாங்க தம்பி, பேசிக்கலாம்" என்கிறவர்களும் உண்டு. அங்கே போக வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கொடுத்துவிடாதீர்கள். லோனுக்கு மனு போட ஐசி நகலும் சம்பளச் சீட்டும் கைமாறிய பிறகு, "பேப்பர் எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு" என்ற பேச்சு வரும். அப்போது பின்வாங்க நமக்கே கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தைக் கடைக்காரர்கள் நன்றாகவே அறிவார்கள்.

படி 3: தாளை வரிவரியாகப் பிரியுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 2018ஆம் ஆண்டு மைவி 1.3, விலை 34,800 வெள்ளி. கடை கொடுக்கும் தாளில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: துக்கார் நாமா 350, புஸ்பாகோம் 250, புராசசிங் ஃபீ 1,200, லோன் டாகுமெண்ட் 380, இன்சூரன்ஸ் 1,450, ரோட் டேக்ஸ் 90.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. மாதச் சம்பளச் சீட்டில் எந்தப் பிடித்தம் ஈபிஎஃப் (சேமநிதி), எந்தப் பிடித்தம் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), எது கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) தானாக எழுதியது என்று பார்ப்போமே, அதே கண்ணோடு பாருங்கள்.

துக்கார் நாமாவில் 100 ஜேபிஜேக்குப் போகிறது, 250 கடைக்கு. புஸ்பாகோமில் 90ம் வரியும் போக மீதி கடைக்கு. லோன் டாகுமெண்டில் 60 வெள்ளிக்குக் கணக்கு இருக்கிறது, 320க்கு இல்லை. புராசசிங் ஃபீயில் ஒரு வெள்ளிகூட வெளியே போவதில்லை. 1.3 மைவிக்கு ரோட் டேக்ஸ் 70 வெள்ளி. 20 வெள்ளி யாருக்கு என்று கேட்கத் தோன்றும், ஆனால் அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். முதல் நான்கு வரிகளைக் கூட்டினால் 2,180. அசல் செலவு 250 சொச்சம். ஏறக்குறைய 1,900 வெள்ளி கடையின் பங்கு. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது; அதையும் தாண்டுகிறது இந்தத் தொகை. 1960இல் நம்மூர்க்காரர், அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் கண்டார். பத்து வெள்ளி என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்த ஊர் இது.

பெயர்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள். புராசசிங், ஹேண்ட்லிங், அட்மின், டாகுமெண்டேஷன், ரன்னர், ஃபைல் சார்ஜ் என ஒரு கடைக்கு ஒரு பெயர். ஒரே தாளில் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தால் ஒரே வேலைக்கு இரண்டு மூன்று முறை கேட்கிறார்கள்.

"லோன் எடுத்துக் குடுக்கிறதுக்குத்தான் ஃபீ" என்று விளக்கம் வரும். சம்பளம் குறைவு, ஓவர்டைம் நம்பி இருக்கிறவர், ஜாமீன் இல்லாதவர் என்றால் இந்த விளக்கம் இன்னும் அழுத்தமாக வரும். உண்மையில் லோன் கொண்டுவரும் கடைக்கு வங்கி தன் பங்குக்குக் கமிஷன் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். லோனை அங்கீகரிப்பதும் மறுப்பதும் வங்கிதான். கடைக்குக் கூடுதலாகக் கொடுத்தால் வங்கி மனம் மாறாது. சந்தேகமிருந்தால் சம்பளச் சீட்டு, ஈபிஎஃப் கணக்கு அறிக்கை, வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு பட்டணத்தில் இருக்கும் வங்கியிலேயே நேராக ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

தாளில் 'சம்மன்' (போக்குவரத்து அபராதம்) என்று ஒரு வரி இருந்தால், அது முன்னாள் உரிமையாளரின் பாக்கி. சம்மன் தீராமல் கறுப்புப் பட்டியலில் இருக்கும் வண்டிக்கு ஜேபிஜே பெயர் மாற்றாது, ஆகவே யாராவது கட்டத்தான் வேண்டும். அந்த யாராவது நீங்கள் அல்ல. அடித்துவிடச் சொல்லுங்கள்.

படி 4: பேரம்

ஒவ்வொரு வரியாகச் சண்டை போட்டால் சேல்ஸ்மேன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருப்பார். அதில் இறங்க வேண்டாம். மொத்தத்தைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள்.

"அண்ணே, ஜேபிஜே நூறு, புஸ்பாகோம் தொண்ணூறு, மத்தது அறுபது. இருநூத்தம்பது வெள்ளிக்கும் வரிக்கும் நான் கட்டிடுறேன். மீதிய எடுத்துடுங்க, இல்லன்னா காரு வெலையில கொறைச்சுக்கங்க."

"எங்க ஆளு ஈப்போ போயி வரிசையில நிக்கணும்ல தம்பி."

இந்தப் பதில் முழுப் பொய் அல்ல. காரை ஈப்போவில் இருக்கும் புஸ்பாகோமுக்கு ஓட்டிப் போக, ஜேபிஜேயில் நிற்க ஓர் ஆளுக்கு அரை நாள் போகிறது. அந்த உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம்தான். என் மனக்கணக்கில் இருநூறு வெள்ளி வரை கொடுக்கலாம், அதுவும் ஒரே ஒரு வரியாக. அதற்கு மேல் போனால் ஈப்போவுக்கு டாக்சி எடுத்துப் போனாலும் அவ்வளவு ஆகாது என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். கோபத்தோடு சொன்னால் வேலைக்காகாது.

"ஃபீ எல்லா கஸ்டமருக்கும் ஒண்ணுதான், சிஸ்டத்துலயே இருக்கு" என்று சொன்னால் சரி என்று விடுங்கள். ஃபீ அப்படியே இருக்கட்டும், காரின் விலை 34,800 என்பதை 33,200 ஆக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் எந்தப் பெயரில் விட்டுக்கொடுக்கிறார் என்பது நமக்கு முக்கியமில்லை, கடைசியில் சட்டைப்பையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதுதான் முக்கியம். சொல்லப்போனால் இந்த வழி நல்லது: லோன் காரின் விலைக்குத்தான் கிடைக்கிறது, விலை குறைந்தால் டெபாசிட்டும் குறையும், மாதத் தவணையும் குறையும்.

அப்படியும் அசையாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மைவி இந்த நாட்டில் பஞ்சமான கார் அல்ல.

படி 5: "ஃபுல் லோன், கையில் ஒண்ணும் வேணாம்"

இங்கேதான் அதிகப் பணம் போகிறது, இங்கேதான் அதிகம் பேர் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடுகிறார்கள்.

1967ஆம் ஆண்டு தவணைமுறைக் கொள்முதல் சட்டம் குறைந்தது 10 விழுக்காடு டெபாசிட் கேட்கிறது. மாதிரிக் கணக்கில் அது 3,480 வெள்ளி. மேலே சொன்ன ஃபீக்களையும் இன்சூரன்சையும் ரோட் டேக்சையும் சேர்த்தால் ரொக்கமாக 7,200 வெள்ளி வேண்டும். அவ்வளவு பணம் கையில் இருக்கிறவர் குறைவு. உடனே, "கவலப்படாதீங்க, எல்லாத்தையும் லோன்ல போட்டுடலாம்" என்பார் சேல்ஸ்மேன். போடும் வழி, வங்கிக்குக் காட்டும் பில்லில் காரின் விலையை ஏற்றி எழுதுவது. 34,800 வெள்ளிக் கார் தாளில் 42,800 வெள்ளிக் கார் ஆகிவிடும். கட்டாத டெபாசிட்டைக் கட்டியதாக எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுவது நீங்கள்.

வட்டியைப் பாருங்கள். 2,000 வெள்ளி ஃபீயை லோனில் சேர்த்து, முதலில் வாங்கிய தொகைக்கே வருடா வருடம் 3.5 விழுக்காடு வட்டி என்று 9 வருடத்துக்குப் போட்டால், வட்டி மட்டும் 630 வெள்ளி. மாதம் 24 வெள்ளி சொச்சம்தானே என்று தோன்றும். ஒரு தாளை எடுத்துப்போய் ஈப்போவில் கொடுத்ததற்கு 108 மாதம் கட்டுகிறீர்கள். நடுவில் காரை விற்க நேர்ந்தால் கார் போகும் விலையைவிட வங்கிக் கடன் அதிகமாக நிற்கும். கையில் டெபாசிட் இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் சேர்ப்பது நல்லது, அல்லது 20,000 வெள்ளிக்குள் வேறு கார் பார்க்கலாம்.

படி 6: புக்கிங் பணம்

தவணைமுறையில் வாங்கும்போது புக்கிங் பணம் காரின் ரொக்க விலையில் 1 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. 34,800க்கு 348 வெள்ளி. "ஆயிரம் போடுங்க, காரைப் புடிச்சு வைக்கிறேன்" என்றால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

ரசீதில் மூன்று விஷயங்களை எழுதச் சொல்லுங்கள்: காரின் எண், பேசி முடித்த மொத்த விலை, லோன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்பது. சேல்ஸ்மேனின் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள், கம்பெனிக் கணக்குக்கு மட்டும். அவர் நம்ம தம்பியாகவே, அதே தோட்டத்துப் பையனாகவே இருந்தாலும்.

படி 7: கையெழுத்து

லோன் ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை நோட்டீஸ். கடைகளில் ஜடுவல் கெடுவா என்பார்கள். காரின் ரொக்க விலை, டெபாசிட், பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், வட்டி எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். பேசி முடித்த தாளையும் இந்த நோட்டீசையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ரொக்க விலை இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா? நீங்கள் கட்டிய டெபாசிட் சரியாக ஏறியிருக்கிறதா? ஏறாத பணம் எங்கே போயிற்று என்று அங்கேயே கேளுங்கள்.

நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வாங்குவதை இதே சட்டம் தடுக்கிறது. "இங்க மட்டும் சைன் போடுங்க, நாங்க ஃபில் பண்ணிக்கிறோம்" என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். அப்பா, அம்மா பெயரில் லோன் எடுக்கிற வீடுகளில் இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மலாய், ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெரியவர்கள் கேட்கக் கூச்சப்பட்டுக் காட்டின இடத்தில் எல்லாம் போட்டுவிடுவார்கள். கூட ஒருவர் போங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக

பழைய காரின் இன்சூரன்ஸ் காரோடு வராது, உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். 2017 ஜூலை முதல் முழுக் காப்பீட்டின் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, அதனால் கடை சொன்ன விலையை ஏற்கும் முன் பட்டணத்தில் இன்னொரு ஏஜெண்டிடம் கேளுங்கள். ஏற்கெனவே கார் வைத்திருந்தவர் என்றால் என்சிடி, அதாவது இழப்பீடு கோராமல் இருந்ததற்கான தள்ளுபடி, உங்களுடையது, காருடையது அல்ல. 55 விழுக்காடு வரை போகும். கடைக்காரர் அதைக் கழிக்காமலே தாளில் எழுதியிருக்கலாம்.

புதுக்கார் என்றால்

கவலை குறைவு. பெரோடுவா, புரோட்டோன் போன்ற கம்பெனிகள் ரோட்டில் இறங்கும் விலையை வெளியிடுகின்றன. இன்சூரன்ஸ் சேர்த்தா, சேர்க்காமலா என்பதை மட்டும் பாருங்கள். தனியார் காரின் பதிவுக் கட்டணம் 150 வெள்ளி, ரோட் டேக்ஸ், வங்கியின் உரிமைக் கோரிக்கை 50 எல்லாம் அந்த விலைக்குள் வந்துவிடும். அதற்கு மேல் "ரிஜிஸ்ட்ரேஷன் ரன்னர்", "சீக்கிரம் கார் வர" என்று கேட்டால் விலைப்பட்டியலைத் திறந்து காட்டி எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள். பிடித்த நம்பர் பிளேட் வேண்டுமானால் ஜேபிஜேயின் ஏலத் தளத்தில் நீங்களே கேட்கலாம். சேல்ஸ்மேன் வழியாகத்தான் என்பதில்லை. டின்ட், கோட்டிங் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

தெரிந்தவரிடம் நேராக வாங்கினால்

டாகுமெண்ட் ஃபீயே இல்லாத வழி இது. ரொக்கம் இருந்து, விற்கிறவரும் நம்பகமானவராக இருந்தால், பி5 சோதனை முடித்துக்கொண்டு இருவரும் ஐசியோடு ஜேபிஜே போய்க் கைரேகை வைத்தால் முடிந்தது. பெயர் மாற்றப் படிவம் கே3ஏ. கிளம்பும் முன் இரண்டு பேரின் சம்மன் பாக்கியையும், கெரானில் வங்கியின் உரிமை இன்னும் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். பெயர் மாறும் முன் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம், அத்தை மகனாகவே இருந்தாலும். ஆனால் கார் பழுதானால் கடை உத்தரவாதம் என்று ஒன்றும் கிடையாது, கீழே சொல்லப்போகும் நடுவர் மன்றமும் இதற்கு உதவாது. நல்ல மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போவது இங்கே கட்டாயம்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா?

முதலில் கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், தொலைபேசியில் பேசாதீர்கள். எந்த வரிக்கு எந்த ரசீது என்று கேளுங்கள். ஜேபிஜே, புஸ்பாகோம் ரசீதுகளின் நகலைக் கேட்பது உங்கள் உரிமை. பல கடைகள் இந்த இடத்திலேயே "கொஞ்சம் திருப்பித் தர்றோம்" என்று இறங்கும்.

இறங்காவிட்டால் உள்நாட்டு வாணிப அமைச்சில், கேபிடிஎன் என்பார்கள், புகார் கொடுக்கலாம். தவணைமுறைச் சட்டத்தைக் கவனிப்பதும் அந்த அமைச்சுதான். புக்கிங் பணம் 1 விழுக்காட்டைத் தாண்டியது, நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதெல்லாம் அங்கே சொல்ல வேண்டியவை.

பணத்தைத் திரும்ப வாங்க வேண்டுமானால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரையிலான வழக்கை அது எடுத்துக்கொள்ளும். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டாம், நாமே பேசுவதுதான் அங்கே முறை. விவகாரம் நடந்து 3 வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் கடை அதை நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். மனுவோடு சேர்க்க வேண்டியவை: முதல் நாள் வாட்ஸ்அப் பேச்சு, கடை கொடுத்த தாள், புக்கிங் ரசீது, இரண்டாம் அட்டவணை நோட்டீஸ், வங்கி வழியாகக் கடைக்குப் பணம் போன சான்று. விற்றவர் பெயராக சேல்ஸ்மேனின் செல்லப் பெயரைப் போடாதீர்கள். ரசீதின் மேலே அச்சிட்டிருக்கும் கம்பெனிப் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே எழுதுங்கள். பல மனுக்கள் தாமதமாவது இந்த ஒரு வரியில்தான்.